கார்லாஃபின் ஒட்டிய கன்னம்: பழைய அரோரா உருவம் ஒன்றைச் சீரமைத்த பதிவு

அமெரிக்காவின் லாங் ஐலண்டில் இயங்கிய அரோரா பிளாஸ்டிக்ஸ் நிறுவனம், ஃப்ராங்கன்ஸ்டைன் கதையின் அரக்கனைச் சிறுவர்கள் தாமே பாகம் பாகமாக ஒட்டி வண்ணம் தீட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உருவமாக 1961ஆம் ஆண்டு 98 சென்ட் விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. விமானம், கப்பல், கார் ஆகியவற்றின் மாதிரிகளை ஒட்டிப் பழகியிருந்த பிள்ளைகளிடம் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. அடுத்த ஆண்டே டிராகுலாவும் ஓநாய் மனிதனும், அதற்கடுத்த ஆண்டு மம்மியும் வந்தன. அந்த வரிசை அறுபதுகள் முழுவதும் நீண்டது. பெட்டிகளுக்காக ஜேம்ஸ் பாமா தீட்டிய ஓவியங்களை இன்று தனிச் சேகரப் பொருளாகவே தேடுகிறார்கள். என்னிடம் பெட்டி இல்லை. யாரோ ஒரு பிள்ளை எப்போதோ ஒட்டி, வண்ணம் பூசி, விளையாடி உடைத்த அரக்கன் உருவம் ஒன்றை மலிவாக வாங்கினேன். அதைச் சீரமைத்த விதத்தையும், அந்த வேலை என்னைத் திரையில் அந்த அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃபின் முகத்தை எவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வைத்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

உருவம் 1/8 அளவில் (மனித அளவில் எட்டில் ஒரு பங்கு), ஏறத்தாழ ஒன்பது அங்குல உயரம் கொண்டது. கல்லறை மேட்டின் மீது கைகளை முன்னே நீட்டியபடி அடியெடுத்து வைக்கும் தோற்றம். இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை. கழுத்தின் ஒரு பக்கத்து மின்முனை உடைந்திருந்தது. தலையின் முன்பாதியும் பின்பாதியும் சேரும் இணைப்பு உச்சியிலிருந்து காது வரை வாய் பிளந்திருந்தது. முகத்திலும் கைகளிலும் பளபளப்பான பச்சை எனாமல், நெற்றிக் கோடுகளே தெரியாத அளவுக்குத் தடிப்பாக அப்பியிருந்தது. கல்லறைக் கல் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது.

இத்தகைய உருவத்தின் வயதை வடிவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. 1977இல் அரோரா மூடப்பட்டபின் அதன் அச்சுகள் மோனோகிராம் நிறுவனத்தின் கைக்குப் போயின. அதே அச்சில் வார்த்த உருவங்கள் எண்பதுகளில் மீண்டும் விற்பனைக்கு வந்தன. அதற்கும் பிறகு வேறு நிறுவனங்கள் புதிதாக அச்சு செய்து அதே வடிவத்தை வெளியிட்டன. ஆகவே பெட்டியோ குறிப்புத்தாளோ இல்லாத உருவத்தை ‘முதல் ஆண்டு வார்ப்பு’ என்று விற்பவரின் சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. நான் கொடுக்கவில்லை.

பழைய வண்ணத்தைக் கழற்றலாமா என்பதே முதல் கேள்வி. அறுபதுகளில் ஒரு பிள்ளை பொறுமையாகத் தீட்டிய வண்ணம் என்றால், அது எவ்வளவு முரடாக இருந்தாலும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. பிரிக்காத பெட்டியைப் பூட்டி வைத்திருப்பதைவிட அந்த வண்ணத்துக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். ஆனால் என் கைக்கு வந்த உருவத்தில் பச்சைக்கு அடியில் வெள்ளையும், வெள்ளைக்கு அடியில் ஒரு பழுப்பும் தெரிந்தன. யாரோ பின்னாளில் விற்பதற்காக அவசரமாகப் பூசிய பச்சை அது. அதைக் கழற்றுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

தயக்கம் வேறோர் இடத்தில் இருந்தது. கழற்றிவிட்டு யாருடைய முகத்தை மீட்பது? யுனிவர்சல் என்ற ஹாலிவுட் நிறுவனத்தின் படங்களில் கார்லாஃப் இந்த அரக்கனாக நடித்தது மூன்று முறைதான்: 1931, 1935, 1939. அவருக்குப் பிறகு 1942இல் லான் சேனி ஜூனியரும், 1943இல் பெலா லுகோசியும், 1944 முதல் மூன்று படங்களில் கிளென் ஸ்ட்ரேஞ்சும் அதே ஒப்பனையை அணிந்தார்கள். இந்தப் பொம்மையில் அவர்கள் எல்லோரும் கலந்திருக்கிறார்கள். குறிப்பாக, கைகளை நேரே நீட்டிக்கொண்டு நடக்கும் அந்த நடை, பார்வை இழந்த அரக்கனாக லுகோசி நடித்த 1943ஆம் ஆண்டுப் படத்திலிருந்து பரவியது. பார்வை இல்லை என்பதை விளக்கும் வசனங்களைப் படத்தொகுப்பில் வெட்டிவிட்டதால், காரணம் மறைந்து நடை மட்டும் மிஞ்சியது. கார்லாஃப் முதல் படத்தில் கைகளை நீட்டும் புகழ்பெற்ற தருணம் முற்றிலும் வேறு. கூரைச் சாளரம் திறந்து வெளிச்சம் விழும்போது, அதைப் பிடித்துவிடலாம் என்பதுபோல் மேலே நோக்கிக் கைகளை உயர்த்துவார். ஜேம்ஸ் வேல் இயக்கிய அந்தக் காட்சியில் அவருக்கு ஒரு வசனமும் இல்லை.

பொம்மையின் தோள்களை மாற்றி அமைத்தால் அது அரோரா உருவமாக இருக்காது. எனவே உடலை அரோராவுக்கு விட்டுவிட்டு, முகத்தை மட்டும் 1931ஆம் ஆண்டின் கார்லாஃபுக்கு அருகில் கொண்டுபோவது என்று தீர்மானித்தேன்.

பிரிக்கும் வேலையில் முதலில் கவனிக்க வேண்டியது, இந்தக் காலத்து ஒட்டுப்பசை எப்படி வேலை செய்தது என்பது. குழாயில் வந்த அந்தப் பசை, உருவம் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு பக்கத்தையும் ஒன்றாக உருக்கி இணைக்கக்கூடியது. இணைப்பு காய்ந்தபின் பசை என்று தனியாக ஒன்று இருப்பதில்லை, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேர்ந்துவிடுகிறது. பசை தாராளமாகப் பட்ட இடத்தில் பிரிக்கவே முடியாது. ஆனால் பிள்ளைகள் ஒட்டியவற்றில் பசை சில இடங்களில் வழிந்தும் சில இடங்களில் படாமலும் இருக்கும். படாத இடத்தில் தொடங்கினால் மீதி பெரும்பாலும் ஒத்துழைக்கும். உருவத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தேன். குளிரில் பழைய இணைப்புகள் நொறுங்கும் தன்மை பெறுகின்றன. வெளியே எடுத்தவுடன் மெல்லிய பிளேடை இணைப்பில் நுழைத்து, நெம்பாமல், திருகாமல், கோட்டின் வழியே மெதுவாக அழுத்திக்கொண்டு போக வேண்டும். தலையும் கைகளும் சுத்தமாகக் கழன்றன. மேலங்கியின் இரு பாதிகள் அசையவில்லை, அவற்றை வற்புறுத்தவில்லை.

வண்ணம் கழற்ற அசிட்டோனையோ லேக்கர் தின்னரையோ பயன்படுத்தவே கூடாது. அவை எனாமலைக் கழற்றுவதற்கு முன் பொம்மையையே கரைத்துவிடும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புச் சுத்திகரிப்பு நுரை பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்வதில்லை, எனாமலை மட்டும் தோலுரிக்கிறது. ஆனால் அது மனிதத் தோலையும் கண்ணையும் விடாது. ரப்பர் கையுறை, கண்களுக்கான பாதுகாப்புக் கவசம், திறந்த மாடி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஆகிய நான்கும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் காஸ்டிக் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். நுரையில் ஊறிய பாகங்களைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் நன்கு கழுவி, மீண்டும் ஊறவைத்தேன். பச்சை முதலில் சுருண்டு வந்தது, பிறகு வெள்ளை. அடியிலிருந்த பழுப்பு பிடிவாதமாக மடிப்புகளில் தங்கியது. அதைப் பல்குத்தும் குச்சியின் முனையால்தான் எடுக்க வேண்டியிருந்தது. உலோக முனை எதையும் முகத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக்கில் விழும் ஒரு மெல்லிய கீறல், ப்ரைமர் என்ற அடிப்பூச்சு பூசியபின் வடு போலத் தெரியும்.

விரல்களுக்கு அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் பயன்படுத்தினேன். உடைந்த அடிப்பகுதியில் கைத்துளைப்பானால் துளையிட்டு, கம்பியை நுழைத்து சயனோஅக்ரிலேட் பசையால் (சூப்பர் குளூ) இறுக்கி, வலக்கையின் விரல்களைப் பார்த்து வளைத்து, இரண்டு பகுதியாக வரும் எபாக்சி புட்டியைப் பிசைந்து அதன்மேல் கட்டினேன். ஒரே நேரத்தில் முழு விரலையும் செய்ய முயல்வதைவிட, முதலில் மெல்லிய உறையாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் கணுக்களையும் நகத்தையும் சேர்ப்பது எளிது. புட்டி ஈரமாக இருக்கும்போது தண்ணீர் தொட்ட பிரஷால் தடவினால் மேற்பரப்பு வழவழப்பாகும். நகங்களை நீளமாகவே விட்டேன். படத்தில் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் கார்லாஃபின் நகங்களைக் கறுப்பாக்கி, மேலங்கியின் கைகளைக் குட்டையாக்கி, மணிக்கட்டுக்குக் கீழே கைகள் இயல்புக்கு மீறி நீண்டு தொங்குவதுபோல் காட்டினார். அரோராவின் சிற்பி இதை மறக்கவில்லை. அங்கியின் விளிம்புக்கும் கைக்கும் உள்ள இடைவெளி பொம்மையிலும் சரியாக இருக்கிறது.

தலைக்கு வந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது.

பொம்மையின் முகம் ஒரு பொதுவான அரக்கன் முகம்: அகன்ற தாடை, நிறைந்த கன்னம், முறைக்கும் கண்கள். 1931ஆம் ஆண்டின் புகைப்படங்களை அருகில் வைத்துப் பார்த்தால் மூன்று வேறுபாடுகள் உடனே தெரிகின்றன. மூன்றுக்கும் காரணம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. முதலாவது, கன்னம். கார்லாஃபுக்கு வாயின் வலப்பக்கத்தில் கழற்றி மாட்டக்கூடிய பகுதிப் பல்செட் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நடித்ததால் வலக்கன்னம் உள்ளே ஒட்டிப்போய், பிணத்தின் முகத்தில் விழும் குழிபோல நிழல் பிடித்தது. 1935ஆம் ஆண்டுப் படத்தில் அரக்கன் பேச வேண்டியிருந்ததால் பல்செட் வாயிலேயே இருந்தது, கன்னம் நிறைந்துவிட்டது. அரக்கன் பேசுவதைக் கார்லாஃப் விரும்பவில்லை என்பது பலரும் அறிந்தது. அவருடைய கன்னமும் விரும்பவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. இரண்டாவது, கண்ணிமை. ஒப்பனைச் சோதனையின்போது தம் கண்கள் மிகவும் விழிப்பாகவும் அறிவாகவும் தெரிகின்றன என்று உணர்ந்த கார்லாஃப், இமைகளின் மேல் மெழுகு வைத்துக் கனமாக்கலாம் என்று யோசனை சொன்னார். பாதி மூடிய அந்தக் கண்கள், அரக்கன் இன்னும் முழுமையாக விழித்தெழவில்லை என்ற உணர்வைத் தருகின்றன. மூன்றாவது, நெற்றி. மூளையை மாற்றி வைக்கும் அறுவைச் சிகிச்சையை ஒருவர் எந்த எளிய வழியில் செய்வார் என்று யோசித்து, மண்டையின் உச்சியைப் பானையின் மூடியைப்போல் நேராக வெட்டி, உள்ளே வைத்து, மீண்டும் பூட்டுவார் என்ற முடிவுக்கு வந்ததாகப் பியர்ஸ் விளக்கியிருக்கிறார். தட்டையான தலையும் நெற்றியின் தழும்பும் உலோகப் பூட்டும் அப்படி வந்தவை. பஞ்சையும், காய்ந்து படலமாக இறுகும் கொலோடியன் என்ற திரவத்தையும் அடுக்கடுக்காக வைத்து, இந்த நெற்றியை ஒவ்வொரு படப்பிடிப்பு நாளும் புதிதாகக் கட்டினார்கள். அதற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது.

இந்த மூன்றையும் ஒன்பது அங்குல உருவத்தில் கொண்டுவர வேண்டும் என்றால், கன்னத்தைச் செதுக்க வேண்டும். அங்கே ஓர் அபாயம் உண்டு: தலை உள்ளே வெற்றிடமான ஓடு; சுவரின் தடிமன் ஓரிரு மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து குடைந்தால் ஓட்டை விழும். எனவே இரு பாதிகளையும் சேர்ப்பதற்கு முன்பே முகத்தின் உட்புறத்தில், கன்னத்துக்கும் புருவத்துக்கும் பின்னால், எபாக்சி புட்டியைத் தடிப்பாக அப்பி நன்கு இறுக விட்டேன். பிறகு தலையைச் சேர்த்து, உருண்டை முனை அரத்தைக் கையாலேயே சுழற்றிச் சுழற்றிக் குடைந்தேன். மோட்டார் கருவி இதற்கு உதவாது. அதன் வேகத்தில் பாலிஸ்டைரீன் சூடாகி உருகிக் கருவியின் முனையில் ஒட்டிக்கொள்கிறது. கன்ன எலும்பின் கீழ் விளிம்பில் தொடங்கி வாயோரம் வரை ஆழம் குறைந்துகொண்டே வரும் ஒரு சரிவை உருவாக்கினேன். குழி நடிகரின் வலப்பக்கம் வர வேண்டும். அதாவது எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம். இடக்கன்னத்தையும் சற்றே குறைத்தேன், ஆனால் அதே அளவுக்கு அல்ல. இரு பக்கமும் சமமாக ஒட்டிய கன்னம் பசித்த மனிதனைக் காட்டுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால்தான் இணைத்துத் தைக்கப்பட்ட உடல் என்ற எண்ணம் வருகிறது.

இமைகளுக்குப் புட்டியை நூலளவு உருட்டி வைத்து, கண்ணின் மேற்பாதியை மூடும்படி தட்டினேன். தலையின் இணைப்புப் பிளவை நிரப்பி, 400, 600, 1000 எண் உப்புத்தாள்களை நீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்தேன். கழுத்து மின்முனையைப் பிளாஸ்டிக் குச்சியில் கடைந்து சேர்த்தேன். பலரும் அதைத் திருகாணி என்றே நினைக்கிறார்கள். பியர்ஸின் கணக்கில் அது மின்சாரம் நுழையும் வழி.

இந்த இடத்தில் கார்லாஃபைப் பற்றிச் சிறிது சொல்லாமல் நகர முடியவில்லை. 1887இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் வில்லியம் ஹென்றி பிராட் என்ற பெயரில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வரித் துறையில் பணியாற்றியவர். குடும்பத்தில் இந்திய வம்சத்தின் கலப்பு இருந்தது. 1909இல் கனடாவுக்குக் கப்பலேறி, ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்களில் நடித்து, இடையிடையே உடலுழைப்பு வேலைகள் செய்து, ஹாலிவுட்டில் நெடுநாள் துணை வேடங்களில் காலம் தள்ளியவர் அவர். அரக்கனாக நடிக்கும்போது அவருக்கு 43 வயது. பியர்ஸின் கைக்கு வந்த அந்த எலும்பு துருத்திய முகம், அத்தனை ஆண்டுகளின் உழைப்பும் குறைந்த சாப்பாடும் செதுக்கிய முகம். முதல் படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அரக்கனாக நடித்தவரின் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. நான்கே ஆண்டுகளில், இரண்டாம் படத்தில், முதற்பெயரே தேவைப்படாமல் ‘கார்லாஃப்’ என்ற ஒற்றைச் சொல் திரையில் வந்தது. படப்பிடிப்பின் நீண்ட வேலை நேரமும், கனத்த காலணியும், சக நடிகரைத் தோளில் தூக்கிச் சுமந்ததும் அவருடைய முதுகை வாழ்நாள் முழுவதும் வருத்தின. 1933இல் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் உருவானபோது அதன் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவராக அவர் இருந்ததற்கு அந்த அனுபவத்தின் பங்கு பெரிது.

அவருடைய முகம் யாருடைய சொத்து என்ற கேள்வி சேகரிப்பாளர்களைப் பொறுத்தவரை வெறும் தத்துவம் அல்ல. ஒப்பனையின் உரிமை யுனிவர்சலிடம் இருக்கிறது. நடிகரின் சொந்த முகச்சாயலுக்கு உரிமை கோருபவர்கள் அவருடைய வாரிசுகள். டிராகுலாவாக நடித்த லுகோசியின் மனைவியும் மகனும் டிராகுலா பொம்மைகளுக்காக யுனிவர்சல்மீது தொடுத்த வழக்கில், முகச்சாயலின் மீதான உரிமை நடிகரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குச் செல்வதில்லை என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. அதற்கு மறுமொழியாக 1985இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், மறைந்த பிரபலங்களின் பெயருக்கும் உருவத்துக்கும் வாரிசுகளுக்கு உரிமை தந்தது. முதலில் 50 ஆண்டுகள் என்று இருந்த காலம் பின்னர் 70 ஆக நீண்டது. கடையில் விற்கும் பல அரக்கன் பொம்மைகளில் தட்டைத் தலையும் தழும்பும் மின்முனையும் துல்லியமாக இருக்க, நடுவில் உள்ள முகம் மட்டும் யாருடையதாகவும் இல்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வீட்டு அலமாரிக்காக ஒரு கன்னத்தைக் குடைபவனை யாரும் கேட்கப்போவதில்லை. அதே தலையை வார்த்து விற்கத் தொடங்கினால் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

வண்ணத்துக்கு வருகிறேன். அரக்கன் என்றால் பச்சை என்பது உலகெங்கும் பதிந்துவிட்ட வழக்கம். அதற்கு ஓர் அடிப்படை உண்டு: பியர்ஸ் பூசிய களிம்பு சாம்பல் கலந்த பச்சைதான். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அது உயிரற்ற வெளிறிய நிறமாகப் பதிவாகி, சாதாரண ஒப்பனை அணிந்த மற்றவர்களின் முகத்திலிருந்து அரக்கனைப் பிரித்துக் காட்டியது. 1939ஆம் ஆண்டுப் படத்தின்போது வண்ணச் சுருளில் எடுத்த ஒரு சிறு காட்சித் துண்டு இன்றும் இருக்கிறது. அதில் கார்லாஃப் வெளிர்பச்சை முகத்தோடு, நாக்கை நீட்டிப் பியர்ஸிடம் குறும்பு செய்கிறார். ஆகவே பச்சை தீட்டுவது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் திரையரங்கில் அந்தப் படங்களைப் பார்த்த எவரும் அந்தப் பச்சையைக் கண்டதில்லை. நான் மீட்க நினைத்தது திரையில் தெரிந்த முகம் என்பதால், உருவம் முழுவதையும் சாம்பலின் படிநிலைகளிலேயே தீட்டினேன்.

வெறும் கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் கிடைக்கும் சாம்பலில் நீலம் தட்டும். சீமெந்துச் சிலைபோல் ஆகிவிடும். நடுத்தரச் சாம்பலில் ஒரு துளி பழுப்பைச் சேர்த்தால் பழைய வெள்ளிப் புகைப்படத்தின் வெதுவெதுப்பு வருகிறது. அக்ரிலிக் வண்ணத்தில் முகத்துக்கு ஐந்து நிலைகளைத் தனித்தனிக் குப்பிகளில் கலந்து வைத்துக்கொண்டேன். முதலில் உருவம் முழுவதற்கும் கரும் ப்ரைமர். அது காய்ந்ததும், மேலிருந்து சாய்வாக, ஒரே திசையிலிருந்து மட்டும், வெளிர்சாம்பலை ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவி) மெல்லிய தூவலாக அடித்தேன். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்பதை இந்தத் தூவலே காட்டிக்கொடுத்துவிடும். அதன்மேல் தூரிகையால் வேலை செய்யும்போது அந்த வரைபடத்தை மீறாமல் இருந்தால் போதும். புருவ மேட்டின் கீழும் குடைந்த கன்னத்திலும் நீர்த்த கருஞ்சாம்பலைப் பல முறை மெலிதாக ஓடவிட்டேன். ஒவ்வொரு படலமும் நன்றாகக் காய்ந்தபின்தான் அடுத்தது. உதடுகள் படத்தில் கருமையாகத் தெரிகின்றன, அப்படியே விட்டேன். மேலங்கிக்குத் தூய கறுப்பு எங்கும் பயன்படுத்தவில்லை. தூய கறுப்பை நகங்களுக்கும் கண்மணிக்கும் ஒதுக்கி வைத்தால் அவை இரண்டும் மட்டும் எடுத்துக்காட்டும். முழுவதற்கும் மங்கலான வார்னிஷ் அடித்தபின், கண்களுக்கும் கீழுதட்டுக்கும் மட்டும் பளபளப்பு வார்னிஷை ஊசிமுனையளவு வைத்தேன். அதுவரை பொம்மையாக இருந்தது அந்த இரண்டு துளியில் பார்க்கத் தொடங்கிவிட்டது.

கல்லறை மேட்டை மட்டும் எளிதாக முடித்தேன்: கருஞ்சாம்பல் அடிப்படை, அதன்மேல் உலர்ந்த பிரஷால் வெளிர்சாம்பல். அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

காட்சிப் பெட்டியில் உருவத்துக்குப் பின்னால் வைக்க, 1997ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட திரை அரக்கர்கள் தபால்தலைகளைத் தேர்ந்தெடுத்தேன். 32 சென்ட் மதிப்புள்ள ஐந்து தலைகள்: லான் சேனி, பெலா லுகோசி, லான் சேனி ஜூனியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று, கார்லாஃபுக்கு இரண்டு. ஒன்றில் அரக்கனாக, இன்னொன்றில் 1932ஆம் ஆண்டு மம்மியாக. கார்லாஃபின் மகளும் லுகோசியின் மகனும் சேனியின் வழித்தோன்றலும் சேர்ந்து முயன்று பெற்ற வெளியீடு அது. 2003இல் திரைப்பட உருவாக்கக் கலைகளைச் சிறப்பித்து 37 சென்ட் தலைகள் வந்தபோது, ஒப்பனைக் கலைக்கான தலையில் பியர்ஸ் கார்லாஃபின் முகத்தில் வேலை செய்யும் படத்தை அச்சிட்டார்கள். இரண்டு வெளியீடுகளும் இன்னும் எளிதாக, முகமதிப்பைவிடச் சற்றே கூடிய விலையில் கிடைக்கின்றன. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். அடுத்தபடியாக, கோல்ட் கீ நிறுவனம் கார்லாஃபின் பெயரிலும் முகத்திலும் வெளியிட்ட மர்மக் கதைச் சித்திர இதழ்கள்: அவர் 1969இல் மறைந்தபின்னும் 1980 வரை அந்த இதழ் தொடர்ந்து வந்தது, தேய்ந்த பிரதிகள் இன்றும் கைக்கு எட்டும் விலைதான். சுவரொட்டிகளின் பக்கம் போக வேண்டாம். 1932ஆம் ஆண்டு மம்மி படத்தின் ஒரு சுவரொட்டி 1997இல் நியூயார்க் ஏலத்தில் 4,53,500 டாலருக்குப் போனது. அக்காலத்தில் சுவரொட்டிகளைப் பொதுமக்களுக்கு விற்கவில்லை. திரையரங்கில் ஒட்டவும் பிறகு திருப்பி அனுப்பவுமே அச்சிட்டார்கள் என்பதால் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

தபால்தலைத் தாளைப் பசையாலோ டேப்பாலோ அட்டையில் ஒட்டக்கூடாது. அமிலமற்ற அட்டையின் நான்கு மூலைகளில் பாலிஸ்டர் மூலைப்பைகளை வைத்து, தாள் அவற்றுக்குள் தளர்வாக நிற்கும்படி அமைத்தேன்; வேண்டும்போது சேதமின்றி வெளியே எடுக்கலாம். பெட்டியின் முன்பக்கத்துக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு. பாலிஸ்டைரீனும் அச்சுத்தாளும் வெயிலில் மஞ்சளாகும் என்பதால் பெட்டியைச் சாளரத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, சிலிக்கா ஜெல் பை ஒன்றை மேட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். விளக்கு, மேலே ஓர் ஓரத்தில் ஒரேயொரு சிறிய எல்இடி. வண்ணம் தீட்டியபோது வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருவதாகக் கொண்டேனோ அதே திசையில்தான் விளக்கும் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் வைத்துப் பார்த்தபோது தீட்டிய நிழலும் விழும் நிழலும் மோதி, கன்னம் தட்டையாகிவிட்டது.

தலையை உடலோடு நிரந்தரமாக ஒட்டவில்லை. கழுத்துக்குள் ஒரு சிறு காந்தத்தையும் மார்புக்குள் அதன் இணையையும் பதித்திருக்கிறேன். பின்னால் வருபவர் வேறு முகம் வைக்க விரும்பினால் கழற்றிக்கொள்ளலாம். மேட்டின் அடியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்: இடக்கையின் மூன்று விரல்கள், கழுத்தின் ஒரு மின்முனை, இமைகள், கன்னத்தின் உள்நிரப்பு ஆகியவை எபாக்சியும் புதிய பிளாஸ்டிக்கும், முகம் செதுக்கி மாற்றப்பட்டது, பழைய வண்ணம் காஸ்டிக் நுரையால் கழற்றப்பட்டது, வார்ப்பின் ஆண்டு உறுதியில்லை.